குறிஞ்சாக்கேணி: அக்கரையில் கேட்க வேண்டிய கேள்விகள்

திருகோணமலை

இந்த மாவட்டத்தில் யார் சிறுபான்மை என்று யாராவது கேட்டால், எங்கே நின்றுகொண்டு கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இலங்கை முழுவதையும் எடுத்தால் முஸ்லிம்கள் பத்தில் ஒருவர்தான். திருகோணமலை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3,80,000 பேர். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்கு முஸ்லிம்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தமிழர். கால் பங்குக்குச் சற்று அதிகமாகச் சிங்களவர். துறைமுகத்தைச் சுற்றித் தெற்கே இறங்கிக் கிண்ணியாவுக்குள் நுழைந்தால் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். அதே பிரதேசத்தின் ஆலங்கேணிக்கும் ஈச்சந்தீவுக்கும் போனால் தமிழர். இங்கே வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்புவதற்குள் மூன்று விதமான பெரும்பான்மையைக் கடந்துவிடுகிறார்.

நான் நாகப்பட்டினம் பக்கத்தில் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள். சிறுபான்மையினரின் உடல்நலத்தை மேம்படுத்தச் செவிலியர் ஆய்வு எதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது எங்கள் பாடத்தில் ஒரு தலைப்பு. இதற்கு உலகமெங்கும் ஒரு வழக்கமான முறை இருக்கிறது. டெல்பை முறை என்பார்கள். துறை அறிந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, அவரவர் கருத்தைத் தனித்தனியே எழுதி வாங்கி, தொகுத்து, மறுபடி அவர்களுக்கே அனுப்பி, உடன்பாடு வரும்வரை சுற்றுகள் நடத்துவார்கள். கடைசியில் பத்து அல்லது இருபது வரிகளில் ஒரு பட்டியல் கிடைக்கும். முறையில் தவறில்லை. யாரைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் குழுவில் பேராசிரியர்கள் இருப்பார்கள், மேற்பார்வையாளர்கள் இருப்பார்கள். தண்ணீரைக் கடந்து கர்ப்பிணியைப் பார்க்கப் போகிறவர் இருப்பதில்லை.

அமெரிக்காவில் 1985இல் ஹெக்லர் அறிக்கை வந்தது. கறுப்பினத்தவர் முதலான சிறுபான்மையினரிடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 மரணங்கள் மிகையாக நிகழ்வதாக அது எடுத்துச் சொன்னது. அடுத்த ஆண்டே அங்கே செவிலியர் ஆய்வுக்கென்று தேசிய மையம் ஒன்று தொடங்கியது. 1993இல் அது தேசிய நிறுவனமானது. மிகை மரணம் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் இனவாரியாக எண்ணியிருக்க வேண்டும். அவர்கள் எண்ணியிருந்தார்கள். எண்ணாத இடத்தில் மிகையும் தெரியாது, குறைவும் தெரியாது.

எண்ணுவது என்றதும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. கிரிமியப் போரும் விளக்கும் எல்லோருக்கும் தெரியும். 1863இல் அவர் பிரிட்டனின் குடியேற்ற நாடுகளில் இருந்த பூர்வகுடிப் பள்ளிகள், மருத்துவமனைகளின் சுகாதாரப் புள்ளிவிவரத்தைத் தொகுத்து வெளியிட்டார். அந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. வந்துசேர்ந்த கணக்குகள் அரைகுறையாக இருப்பதே அவருடைய பெரிய குறையாக இருந்தது. செவிலியர் ஆய்வு இந்தத் தீவைத் தொட்டது அப்போதுதான் முதல்முறை என்று வைத்துக்கொள்ளலாம். தொட்ட விரலில் படிந்தது பதிவின்மை.

திருகோணமலை நகரத்தில் அதிகம் நிற்கவில்லை. கோட்டைப் பக்கத்தில் மான்கள் மனிதர்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. கோணேசர் மலையிலிருந்து பார்த்தால் கடல் இரண்டு நிறமாகத் தெரிந்தது. 2024 ஆகஸ்ட் அது. கச்சான் காற்று தரையிலிருந்து சூட்டை வாரி முகத்தில் வீசியது. எங்கள் நாகை வெயிலில் ஈரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இங்கே உதடு வெடித்தது.

சீனக்குடா, வெள்ளைமணல்

தெற்கே போகும் சாலை உள்துறைமுகத்தை அணைத்துக்கொண்டு வளைகிறது. சீனக்குடாவில் 1930களில் பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் பாசியும் துருவுமாக நிற்கின்றன. உலகத்தின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று இதற்காகப் பேரரசுகள் அடித்துக்கொண்டன. அந்தத் துறைமுகத்தின் மடிப்பில் வாழும் மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போக என்ன வழி என்று எந்தப் பேரரசும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வெள்ளைமணலைத் தாண்டியதும் கிண்ணியாப் பாலம். 2009 அக்டோபர் 20இல் திறந்தார்கள். 396 மீட்டர் நீளம். சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டியது. அதற்கு முன்னால் இந்த நீரை ‘பாதை’யில்தான் கடந்தார்கள். மிதவை மேல் பலகை அடித்து ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் இழுவைப் படகுக்கு இங்கே அதுதான் பெயர்.

என்னை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். பாலத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்தார்.

“மூத்தவன் பொறக்கக்குள்ள பாலம் இல்ல டீச்சர். ராவு ரெண்டு மணி. பாதை அந்தக் கரையில நிக்கிது. இந்தக் கரையில நான் டோர்ச் அடிச்சி அடிச்சிக் கூப்பிடுறன். அவ மணல்ல இருக்கா.”

“பிறகு?”

“வந்தான். பாதைக்காரன் நல்லவன். திருகோணமலைக்குப் போய்ச் சேரக்குள்ள விடிஞ்சிட்டு. ரெண்டு பேரும் தப்பினாங்க, அல்ஹம்துலில்லாஹ். எல்லாரும் தப்பல்ல.”

பேறுகால மரணங்களைப் படிப்பவர்களுக்குத் தாதியஸ், மெய்ன் என்ற இருவர் 1994இல் எழுதிய கட்டுரை பாலபாடம். மூன்று தாமதங்கள் என்று அவர்கள் பிரித்தார்கள்: போகலாமா என்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் தாமதம், போய்ச்சேர ஆகும் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை தொடங்க ஆகும் தாமதம். வார்டில் நிற்கிற நர்ஸின் கண்ணுக்கு மூன்றாவது மட்டுமே படும். கடிகாரம் அவருக்கு வாசலில்தான் ஓடத் தொடங்குகிறது. அந்தப் பெண் மணலில் உட்கார்ந்திருந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ‘எந்த நேரத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டீர்கள், எப்படி வந்தீர்கள்’ என்று இரண்டு கேள்விகளை அனுமதிப் படிவத்தில் சேர்ப்பதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். ஒரு வருடம் இப்படி எழுதி வைத்தால் அந்த மாவட்டத்தின் வரைபடம் வேறு மாதிரி தெரியும். எனக்குக் கிடைத்த முதல் முன்னுரிமை இது. தந்தவர் ஆட்டோக்காரர்.

கிண்ணியா

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பாயில் உட்காரவைத்து, கையலம்பக் குவளையும் தட்டும் கொண்டுவந்து வைத்தார்கள். சோறு, கணவாய்க் கறி, தேங்காய்ப்பால் விட்ட பாலாணம், மாசிச் சம்பல். கடைசியில் எருமைத் தயிரும் பாணியும். நாகூரில் எனக்குத் தெரிந்த வீடுகளிலும் இப்படித்தான், சாப்பிட்டு முடிப்பதற்குள் இன்னொரு அகப்பை விழுந்துவிடும். அங்கே மாலையில் இறால் வாடா வாங்கித் தருவார்கள். இங்கே பிளேன்ரீயோடு வட்டிலப்பம். இரண்டு கரைக்கும் நடுவில் பாக்கு நீரிணை இருக்கிறது. கூடவே ஒரே தேதி இருக்கிறது: 2004 டிசம்பர் 26. எங்கள் நாகை மாவட்டத்தில் அன்று ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கிண்ணியாவில் அலை ஆஸ்பத்திரியையே அடித்தது. காயம்பட்டவர்களைக் கொண்டுபோக வேண்டிய இடமே காயம்பட்டுக் கிடந்தது என்று அந்த வீட்டு உம்மம்மா சொன்னார்.

ஆனால் கிண்ணியாவில் மக்கள் இன்னும் அதிர்ச்சியோடு பேசுவது 2017 டெங்குவைப் பற்றி. அந்த ஆண்டு இலங்கை முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. நானூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதுவரை இந்த நாடு கண்டிராத எண்ணிக்கை. மேல்மாகாணம் பற்றி எரிவதற்கு முன், மார்ச் மாதத்திலேயே கிண்ணியா பற்றிக்கொண்டது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கட்டில் போதாமல் நோயாளிகள் நிறைந்து வழிந்தார்கள்.

உம்மம்மாவின் பேரனுக்கு அப்போது ஆறு வயது. இன்று மீசை அரும்பத் தொடங்கிய பையன். கதவுக்குப் பின்னால் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். அவனுடைய உம்மா சொன்னார்:

“மூணு நாள் நெருப்பாக் காய்ச்சல். நாலாம் நாள் உடம்பு குளுந்திட்டு. சுகமாகிட்டு எண்டு கஞ்சி குடுத்தன். ராவைக்கு வயித்துக்குள்ள நோகுது எண்டு அழுதான். கையும் காலும் ஐஸ். பக்கத்து வூட்டு ராத்தாதான் சொன்னா, நில்லாத, தூக்கிட்டு ஓடு எண்டு.”

டெங்குவில் மோசக்காரன் இந்த நாலாம் நாள்தான். காய்ச்சல் இறங்கும் வேளையில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். இந்தக் கட்டம் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நீடிக்கும். அப்போது உயிரைப் பிடித்துவைப்பது விலையுயர்ந்த மருந்து எதுவுமில்லை. மணிக்கு மணி நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எவ்வளவு சிறுநீர் போனது, எவ்வளவு நீர் உள்ளே ஏறியது என்று அளந்து எழுதுகிற கை. குறைவாக ஏற்றினால் அதிர்ச்சி நிலை. அதிகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர். டெங்கு வார்டில் மருத்துவரின் முடிவு நர்ஸின் அட்டையைப் பார்த்துத்தான் பிறக்கிறது. நாற்பது பிள்ளைகள் நிறைந்த வார்டில் இரண்டு பேர் இரவுப் பணியில் இருந்தால் அந்த மணிக்கணக்கு என்னவாகும் என்பது மிக முக்கியமான ஆய்வுக் கேள்வி. அதைக் கேட்கத் தகுதியுள்ளவரும் அந்த இரவில் நின்றவர்தான்.

இன்னொரு கேள்வியை அந்தத் தாய் எழுப்பினார். முதல் நாளே ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். பெனடோல் கொடுத்து, என்னவோ சொல்லி அனுப்பினார்களாம். சொன்னவருக்குத் தமிழ் தடுமாற்றம், கேட்டவருக்குச் சிங்களம் தெரியாது. கையில் கொடுத்த துண்டு ஆங்கிலத்தில். “நாலாம் நாள் கவனம் எண்டு சொல்லியிருப்பாங்க. எனக்கு விளங்கல்ல” என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். தெற்கிலிருந்து வந்து, புரியாத ஊரில் இரவு பகலாகப் பணியாற்றும் தாதியர் பலர். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று சட்டம் சொல்கிறது. நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் இருக்கும் துண்டு வரைக்கும் அந்தச் சட்டம் வந்துசேர வேண்டும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைப் புரிந்துகொண்டார். 1847இல் வந்தவர், மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஒரு மருத்துவப் படிப்பையே தமிழில் நடத்திக்காட்டிய தீவில், ‘காய்ச்சல் இறங்கினாலும் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள், வயிறு வலித்தால், கைகால் சில்லிட்டால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் உடனே வாருங்கள்’ என்ற இரண்டு வரியைத் தமிழில் அச்சடித்துக் கொடுப்பது இயலாத காரியமா? அச்சடித்துக் கொடுத்தால் வருகிற நேரம் மாறுகிறதா என்று அளப்பது ஒரு நல்ல முதுகலை மாணவியின் ஒரு வருட வேலை.

மலேரியாவை இந்த நாடு ஒழித்ததை மறக்கக் கூடாது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் 2016இல். ஒவ்வொரு காய்ச்சலையும் விடாமல் பின்தொடர்ந்து, இரத்தம் எடுத்து, வீடு தேடிப்போய்ச் செய்த சாதனை அது. செய்யத் தெரிந்தவர்கள் இவர்கள். ஆகவே செய்யாமல் விட்டதைப் பார்க்கும்போது மனம் கூடுதலாக வலிக்கிறது.

குறிஞ்சாக்கேணி

கிண்ணியா நகரத்திலிருந்து குறிஞ்சாக்கேணி கூப்பிடு தூரம், நடுவில் தண்ணீர். பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது கட்டத் தொடங்கிய பிறகு மக்கள் கடக்க மறுபடியும் ‘பாதை’ வந்தது. 2021 நவம்பர் 23 காலையில், பள்ளிக்கூடம் போகும் நேரத்தில், அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். இருபது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். ஊர் கொதித்துத் தெருவுக்கு வந்தது. பிறகு கடற்படை படகு விட்டது. அடுத்த ஆண்டு நாடே பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. நான் போனபோது புதிய பாலம் முடியாமல் நின்றது. எனக்கு வழிகாட்டிய பெண் சுற்றுவழியாகத்தான் கூட்டிப்போனார்.

அவர் ஒரு குடும்பநல உத்தியோகத்தர். ஊரார் ‘மிஸ்’ என்று கூப்பிடுகிறார்கள். வெள்ளைச் சேலை, குடை, தோளில் கனத்த பை. குறிஞ்சாக்கேணிக்கென்று தனியே சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு இருக்கிறது. களுத்துறையில் 1926இல் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவிலிருந்து கிளைத்த ஏற்பாடு அது. வீடு வீடாகப் போகும் இந்தப் பெண்கள் அதன் உயிர். நம் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர்களைப் போலத்தான். ஆனால் நம் செவிலியரிடம் இப்போது கைப்பேசிச் செயலிகளும் இலக்குகளும் குவிந்துவிட்டதால் வீட்டில் உட்கார்ந்து பேசும் நேரம் சுருங்கிவிட்டது. இந்த மிஸ் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தார். ஒரு வீட்டில் மாமியாரின் முழங்கால் வலியைக் கேட்டு முடித்த பிறகுதான் மருமகளின் கர்ப்பிணி அட்டையைக் கையில் எடுத்தார்.

படகு விபத்தைப் பற்றிக் கேட்டேன். நடந்துகொண்டே பேசினார்.

“கரைக்குத் தூக்கிட்டு வந்தாங்க மிஸ். ஆனா கொண்டுவந்த உடனே என்ன செய்யிற எண்டு கரையில நிண்ட ஆக்களுக்குத் தெரியாது. சிலபேர் தலைகீழாப் பிடிச்சிக் குலுக்கினாங்க. அவங்க நல்ல மனசோடதான் செஞ்சாங்க.”

நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. வயிற்றை அமுக்கவும் கூடாது. மூச்சில்லாவிட்டால் முதலில் மூச்சு ஊத வேண்டும், பிறகு நெஞ்சை அமுக்க வேண்டும். மூழ்கியவருக்குக் குறைந்தது பிராணவாயு, அதனால் மூச்சுக்கு முதலிடம். இதெல்லாம் கரையில் முதல் சில நிமிடங்களில் நடந்தாக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு அந்த நிமிடங்கள் எட்டாது. எங்கள் கரையிலும் ஒவ்வொரு ஆண்டும் குளத்திலும் வாய்க்காலிலும் பிள்ளைகளை இழக்கிறோம். உலகத்தில் நீரில் மூழ்கி ஆண்டுதோறும் இறப்பவர் லட்சக்கணக்கில். மீனவர், பாதைக்காரர், ஆட்டோக்காரர், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆகியோருக்கு நர்ஸ்கள் இதைக் கற்றுக்கொடுத்தால் ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்குக் கை மறக்காமல் இருக்கிறது? இந்த ஊர் கேட்க வேண்டிய கேள்வி இது. பாலம் கட்டுவது அரசின் கடமை. பாலம் வரும்வரை பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

கொவிட் காலத்தைப் பற்றி அவராகவே தொடங்கினார். 2020 ஏப்ரலில், கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்று அரசு விதி செய்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் ஏறத்தாழ ஒரு வருடம் அந்த விதி நின்றது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் விலக்கினார்கள். பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிப் பக்கத்தில் அடக்கம் நடந்தது. நான் போவதற்கு முந்தைய மாதம், 2024 ஜூலையில், அமைச்சரவை முறைப்படி மன்னிப்புக் கேட்டிருந்தது.

“அந்த நாள்ல காய்ச்சல் எண்டு சொல்லமாட்டாங்க. கதவைத் தட்டினா எல்லாரும் சுகம் எண்டுதான் சொல்லுவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா மவுத்தாகினாலும் மையித்து கிடைக்காது எண்டு பயம். ஒரு மனிசி என்ட கையப் பிடிச்சிக் கேட்டா, மிஸ், நான் செத்தா என்ன நெருப்புல போடுவாங்களா எண்டு. நான் என்ன சொல்லுற?”

“இப்போ?”

“மன்னிப்புக் கேட்டது நல்லதுதான். ஆனா காய்ச்சலை மறைக்கிற பழக்கம் இன்னும் சில வூட்டுல இருக்கு. படிவத்துல அந்தக் கேள்வி இல்ல. நான் டயரில எழுதி வெச்சிருக்கன்.”

நம்பிக்கை என்பதைச் செவிலியர் ஆய்வில் ஓர் அளவுகோலாக வைக்கலாம் என்று வகுப்பில் நான் சொல்லும்போது மாணவிகள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இரத்தச் சர்க்கரை போல் எண்ணாக வராதே என்பார்கள். வரும். ஒரு விதி அமலில் இருந்த மாதங்களில் காய்ச்சலோடு வந்தவர் எத்தனை பேர், முந்தைய ஆண்டு அதே மாதங்களில் எத்தனை பேர், விதி போன பிறகு எத்தனை பேர், நோய் தொடங்கி எத்தனையாவது நாளில் வந்தார்கள் என்று பார்த்தால் போதும். நம்பிக்கை கலைந்த அடையாளம் வெளிநோயாளர் பதிவேட்டிலேயே கிடக்கும். மிஸ்ஸின் டயரி அந்த ஆய்வின் முதல் ஆவணம்.

மாலையில் ஒரு திண்ணையில் பெண்கள் நாலைந்து பேர் கூடினார்கள். இருவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. நோன்பு பற்றிப் பேச்சு வந்தது. இன்சுலின் போடுகிற ஒரு பெண் ரமழானில் ஊசியைத் தானாகவே நிறுத்திவிடுவாராம். கேட்டால் நோன்பு பிடிக்காதே என்பார்கள், அதனால் கிளினிக்கில் சொல்வதில்லை. 2001இல் பதின்மூன்று நாடுகளில் பன்னிரண்டாயிரம் நோயாளிகளை வைத்து எபிடியார் என்ற ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேர் குறைந்தது பதினைந்து நாளாவது நோன்பு பிடித்திருந்தார்கள். சர்க்கரை அபாயமாக இறங்கும் நிகழ்வு அந்த மாதத்தில் பலமடங்கு கூடியது. அந்தப் பதின்மூன்று நாடுகளில் இலங்கை இல்லை. பிடிக்காதீர்கள் என்ற ஒற்றைச் சொல்லால் இந்தப் பெண்களைத் துரத்தாமல், நோன்புக்கு ஒரு மாதம் முன்பே கூப்பிட்டு, யார் பிடிக்கலாம், யாருக்கு ஆபத்து, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் அளவை எப்படி மாற்றுவது, எந்த எண்ணில் நோன்பை முறித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து பேசும் நர்ஸ் வேண்டும். பள்ளிவாசல் மௌலவியும் அருகில் இருந்தால் பேச்சு இன்னும் எடுபடும்.

முப்பத்தைந்து வயதுப் பெண்களுக்கு இலங்கையில் 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றை முன்னதாகக் கண்டுபிடிக்கும் சோதனையும் அங்கே உண்டு. போனீர்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். ஒருவர் மட்டும் தலையாட்டினார். யார் பார்ப்பார், திரை இருக்குமா, தெரிந்தவர் யாரும் வாசலில் நிற்பார்களா என்று அடுக்கடுக்காகக் கேட்டார்கள். பெண்ணே பார்ப்பார் என்று மிஸ் உறுதி சொன்னதும் இருவர் தேதி கேட்டார்கள்.

அந்தத் திண்ணையின் ஓரத்தில் ஏ.எல். எனும் உயர்தரப் பரீட்சை எழுதப்போகும் ஒரு பெண் கொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். நர்ஸாக ஆசை. தலை மூடிக்கொண்டு இந்த வேலை செய்ய விடுவார்களா என்று என்னைக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் சில இடங்களில் விடுகிறார்கள், சில இடங்களில் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். மிஸ் அவளைத் தன் பக்கமாக இழுத்து உட்காரவைத்தார். “நீ முதல்ல சோதினையப் பாஸ் பண்ணு மகள். மத்ததை நாங்க கதைப்பம்.” இந்த ஊரிலிருந்து ஒரு பெண் தாதியாகி இதே ஊருக்குத் திரும்பி வந்தால், மொழித் துண்டுக்கும் திரைக்கும் நோன்புக்கும் தனித்தனியே திட்டம் தீட்ட வேண்டியிருக்காது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே போய்ச் சேர இந்தப் பிள்ளைகளுக்கு எது தடையாக நிற்கிறது என்பதை ஆராய்ந்தால் மற்றக் கேள்விகளில் பாதிக்கும் விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

ஆலங்கேணி

மறுநாள் காலை ஆலங்கேணியில் இறங்கினோம். கோயில் மணி, வேலியில் பூவரசு, முற்றத்தில் சாணித் தெளிப்பு. தஞ்சை மாவட்டத்துக் கிராமத்துக்குள் வந்தது போல் இருந்தது. வயதான ஐயா ஒருவர் தேங்காய்ப்பூ போட்ட பிட்டைச் சம்பலோடு கொடுத்தார். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்ததையும் திரும்பி வந்ததையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, இரத்த அழுத்த மாத்திரை பற்றி நீளமாகப் பேசினார். கிண்ணியாக் கிளினிக்கில் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், நாங்கள் மட்டும் விருந்தாளி மாதிரி வரிசையில் நிற்கிறோம் என்றார். உடன் வந்த மிஸ் அதை மறுக்கவில்லை. அவர் பெயரைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டு, அடுத்த கிளினிக்குக்குத் தானே வந்து நிற்பதாகச் சொன்னார்.

தேசியக் கணக்கில் முஸ்லிம் ஒரு கட்டம், தமிழர் ஒரு கட்டம். ஆலங்கேணி ஐயாவுக்கு அந்தக் கட்டங்கள் பயன்படவில்லை. மாவட்டச் சராசரி குறிஞ்சாக்கேணியை மறைக்கிறது. கிண்ணியாவின் சராசரி ஆலங்கேணியை மறைக்கிறது. கணக்கு இன்னும் கீழே, கிராம சேவகர் பிரிவு வரை இறங்க வேண்டும். சுகாதாரத் துறையில் அவ்வளவு கீழே ஆட்கள் இருப்பது செவிலியத்துக்கும் குடும்பநலத்துக்கும் மட்டும்தான்.

தம்பலகாமம்

தம்பலகாமத்து வயலில் சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையோரம் தயிர்ச் சட்டிகள் அடுக்கியிருந்தார்கள். ஆதி கோணநாயகர் கோயில் வாசலில் உட்கார்ந்து, மிஸ்ஸிடம் நேராகவே கேட்டேன்: ஆய்வுக்கு முன்னுரிமை எது என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“ஆராய்ச்சிக்கு வாறவங்க தாள் கொண்டுவந்து நிரப்பிட்டுப் போவாங்க. என்ன கண்டுபிடிச்ச எண்டு திரும்பி வந்து சொன்னவங்க இல்ல. அதை முதல்ல எழுதுங்க மிஸ்.”

எழுதிக்கொண்டேன். ஊர் திரும்பியதும் என் முதுகலை மாணவிகளின் ஆய்வுத் திட்டப் படிவத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்தேன். இந்தக் கேள்வியை உனக்குச் சொன்னவர் யார் என்பது ஒன்று. விடையை எந்தத் தேதியில், எந்தத் திண்ணையில் போய்ச் சொல்வாய் என்பது மற்றொன்று. வேதாரண்யம் உப்பளத்துக் குடும்பங்களைப் பற்றி எழுத வந்த ஒரு மாணவி முதல் வரியை நிரப்ப முடியாமல் படிவத்தைத் திரும்ப வாங்கிப் போயிருக்கிறாள். இந்த வாரம் உப்பளத்துக்குப் போகிறாள்.